தும்பாவில் தொடங்கிய கொடுக்கல் வாங்கல்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தும்பா என்ற பெயர் புதியதன்று. நம்மில் பலருடைய வீட்டில் ஒருவராவது அங்கோ, வலியமலையிலோ, வட்டியூர்க்காவிலோ பணியாற்றியிருப்பார். நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் அந்த வேலையை நம்பியே இங்குக் குடிவந்த குடும்பங்களும் உண்டு. நாம் தும்பை என்று சொல்லும் வெண்பூவை மலையாளத்தில் தும்ப என்பார்கள். அந்தப் பூவின் பெயரைத் தாங்கிய கடற்கரைச் சிற்றூர், இந்தியாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு பெரிய கொடுக்கல் வாங்கலின் தொடக்க இடமாகும்.

நாடுகளுக்கிடையே உள்ள ஒத்துழைப்பு என்றதும் புதுதில்லியும் பாரிசும் பிரஸ்ஸல்ஸும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. தலைவர்கள் கை குலுக்குவதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதையும் செய்தித்தாளில் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? யார் எதைக் கொடுக்கிறார்கள், யார் எதைப் பெறுகிறார்கள்? கையில் பணம் இல்லாத நாடு, பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாடுகளோடு எப்படிச் சமமாக உட்கார்ந்து பேச முடியும்? இக்கேள்விகளுக்கு நம் ஊரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

முதல் முதலீடு: இடம்

1962-ஆம் ஆண்டு டாக்டர் விக்ரம் சாராபாய் தலைமையில் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது. அப்போது நம்மிடம் ராக்கெட் இல்லை. அதைச் செய்யும் தொழிற்சாலையும் இல்லை. ஆனால் வேறு எவரிடமும் எளிதில் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருந்தது. அதுதான் இடம்.

பூமியின் நடுவே நிலநடுக்கோடு இருப்பதுபோல், பூமியின் காந்தப் புலத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அது தும்பாவுக்கு மிக அருகே செல்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு வலிய மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதை ஆராய உலகெங்கும் உள்ள அறிவியலாளர்கள் விரும்பினார்கள். ஆனால் பலூன் அவ்வளவு உயரத்துக்குப் போகாது. செயற்கைக்கோளோ அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. நேராக மேலே சென்று, அளந்து, கடலில் விழும் சிறிய ராக்கெட்தான் ஒரே வழி. காந்த நடுக்கோட்டில், கடலை ஒட்டி, போக்குவரத்து வசதியுள்ள நகரத்துக்கு அருகே அப்படியோர் இடம் வேண்டும். தும்பா இவை எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

அந்த இடம் வெறும் மணல்வெளியாக இருக்கவில்லை. அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்ந்தன. புனித மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவிடம் சாராபாய் நேரில் சென்று பேசினார். ஆயர் தாமே முடிவு சொல்லாமல், ஞாயிறு வழிபாட்டுக்கு வந்த மக்களிடம் அதைக் கேட்டார் என்றும், அவர்கள் இசைந்தார்கள் என்றும் டாக்டர் அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். மக்கள் பக்கத்தில் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அவர்களுக்குப் புதிய ஆலயமும் எழுந்தது. பழைய ஆலயம் விண்வெளித் திட்டத்தின் முதல் அலுவலகமாயிற்று. ஆயரின் இல்லமும் வரைபட அறையாயிற்று. இன்று அந்த ஆலயக் கட்டடம் விண்வெளி அருங்காட்சியகமாக உள்ளது.

எனவே இந்த ஒத்துழைப்பில் இந்தியாவின் பெயரால் முதலில் கொடுத்தவர்கள் அமைச்சர்களோ தூதர்களோ அல்லர். தம் வீட்டையும் கோயிலையும் கடற்கரையையும் கொடுத்த மீனவர்கள்தாம்.

பல நாடுகளின் முதல் ராக்கெட்

1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை, தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. நைக்-அப்பாச்சி என்ற அந்த ராக்கெட் அமெரிக்காவுடையது. அதன் தலைப்பகுதியில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் நாட்டின் விண்வெளி அமைப்பு கொடுத்தது. அதற்கு முன்நின்றவர் பிரெஞ்சு அறிவியலாளர் ழாக் பிளாமோன். சோவியத் ஒன்றியமும் கணினியும் ஹெலிகாப்டரும் தந்து தும்பா நிலையத்துக்கு உதவியது. அன்று மாலை மேலே சென்ற சோடியம் ஆவி, மறைந்துவிட்ட கதிரவனின் ஒளியில் செம்மஞ்சள் நிற மேகமாகத் தெரிந்தது. அந்த மேகம் நகர்ந்த விதத்தை வைத்து மேலடுக்கில் வீசும் காற்றை அளந்தார்கள்.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எதிரெதிர் அணிகளாக நின்ற காலம். கியூபா நெருக்கடி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் அமெரிக்க ராக்கெட்டும் பிரெஞ்சுக் கருவியும் சோவியத் உதவியும் ஒரே மணற்பரப்பில் சேர்ந்தன. எந்த அணியிலும் சேராமல் இருந்ததுதான் இந்தியாவுக்கு இதைச் சாத்தியமாக்கியது. ஐக்கிய நாடுகள் சபையும் இதற்கு ஆதரவளித்தது. 1968 பிப்ரவரி 2-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி தும்பா நிலையத்தை அந்தச் சபைக்கு அர்ப்பணித்தார். பிரிட்டன், மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளின் ஆய்வுகளும் இங்கு நடந்தன.

இடத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நாம் என்றும் வாடகைக்கு விடுபவராகவே இருந்திருப்போம். சாராபாய் அதோடு நிற்கவில்லை. சென்டார் என்னும் பிரெஞ்சு ராக்கெட்டை இங்கேயே செய்வதற்கான உரிமையைப் பெற 1960-களிலேயே ஒப்பந்தம் செய்தார். உலோகக் குழாய்களை வளைப்பதும் திட எரிபொருளை வார்ப்பதும் தும்பாவில் கற்றுக்கொள்ளப்பட்டன. மற்றொரு பக்கம் நம்மவர்கள் சொந்தமாக வடிவமைத்த சிறிய ரோகிணி ராக்கெட் 1967 நவம்பரில் பறந்தது. பிறரிடம் கற்பதையும் தாமே முயல்வதையும் ஒருசேரச் செய்ததே அன்றைய அணுகுமுறை.

உழைப்பே விலை

1971 டிசம்பர் 30-ஆம் நாள் நம் கோவளத்தில் சாராபாய் காலமானார். அடுத்த ஆண்டு தும்பா மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பேராசிரியர் சதீஷ் தவான் தலைமையேற்றபின், 1974-இல் ஐரோப்பிய உந்துவிசை நிறுவனம் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இன்றுவரை இந்திய ராக்கெட்டுகளைத் தூக்கிச் செல்வது அந்த உடன்பாட்டின் பயன்தான்.

அதன் பின்னணி இது. 1973-இல் ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி ஏரியன் என்ற ராக்கெட்டைச் செய்ய முடிவு செய்தன. அதில் பெரும்பங்கை பிரான்ஸ் ஏற்றது. அதற்கான எஞ்சின் வைக்கிங். திரவ எரிபொருளால் இயங்குவது. பிரான்சுக்கு வேலை மிகுதி. திறமையான பொறியாளர்கள் தேவை. இந்தியாவுக்குத் திரவ எஞ்சின் தொழில்நுட்பம் தேவை. ஆனால் அந்நியச் செலாவணி இல்லை. எனவே இந்தியா பணத்துக்குப் பதிலாக மனித உழைப்பைக் கொடுத்தது. நம் பொறியாளர்கள் பிரான்சில் மொத்தம் நூறு ஆள்-ஆண்டுகள் வேலை செய்வார்கள். அதாவது இருபது பேர் ஐந்தாண்டு உழைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அழுத்தத்தை அளக்கும் கருவிகளையும் இந்தியா ஆயிரக்கணக்கில் செய்து தரும். ஈடாக வைக்கிங் எஞ்சினின் தொழில்நுட்பம் நமக்குக் கிடைக்கும். நம் ஊர்ப்புறத்தில் நெல்லைக் கொடுத்து உப்பை வாங்கிய பண்டமாற்றுப் போன்றதே இதுவும்.

பிரான்சின் வெர்னோன் நகரில் பணியாற்றிய இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோவிலில் பிறந்த திரு. நம்பி நாராயணன். எஞ்சின் வரைபடத்தை மட்டும் வாங்கி வந்திருந்தால் நமக்குப் பயன் குறைவாகவே இருந்திருக்கும். எரிபொருளையும் அதை எரிக்கும் திரவத்தையும் பெரும் வேகத்தில் சுழலும் பம்புகள் எரியறைக்குள் தள்ளுகின்றன. அங்கே பல்லாயிரம் நுண்துளைகள் வழியே என்றில்லாவிட்டாலும், சரியாக அளந்து துளையிட்ட வாய்கள் வழியே அவை கலந்து எரிய வேண்டும். எரிதல் சிறிது தடுமாறினாலும் எஞ்சின் வெடித்துவிடும். எந்த உலோகத்தை எப்படிப் பற்றவைப்பது, சோதனையில் எந்த ஓசை வந்தால் நிறுத்துவது என்பவையெல்லாம் தாளில் எழுதி வராதவை. தச்சர் பட்டறையில் சிறுவன் உளி பிடிக்கக் கற்பதுபோல் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். நம்மவர்கள் ஏரியனுக்காக உழைத்துக்கொண்டே அதைக் கற்றார்கள்.

இந்தியாவில் செய்யப்பட்ட எஞ்சின் 1985-இல் வெர்னோனில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. அதற்கு விகாஸ் என்று பெயர். வளர்ச்சி என்பது அதன் பொருள். விக்ரம் சாராபாயின் பெயரெழுத்துகளும் அதில் அடங்கியிருப்பதாக நம்பி நாராயணன் கூறியுள்ளார். பிறகு இவ்வகை எஞ்சின்களை இங்கேயே சோதிக்கத் திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் நிலையம் அமைந்தது. திட்டமிடுவது நெடுமங்காட்டுக்கு அருகிலுள்ள வலியமலையில், சோதிப்பது மகேந்திரகிரியில். இவ்விரு இடங்களுக்கும் இடையே கேரள, தமிழக எல்லை குறுக்கிட்டாலும் வேலை ஒன்றே.

இங்குக் காலத்தையும் கவனிக்க வேண்டும். 1987-இல் ஏவுகணைத் தொழில்நுட்பம் பிற நாடுகளுக்குச் செல்வதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை ஏழு நாடுகள் உருவாக்கின. பிரான்சும் அவற்றுள் ஒன்று. அதன்பின் இத்தகைய எஞ்சினை எவரும் எளிதில் கொடுத்திருக்கமாட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் ரஷ்யாவிடமிருந்து கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தைப் பெற இந்தியா முயன்றபோது, அமெரிக்கா தடை விதித்து அதை நிறுத்தியது. கதவு திறந்திருந்த சில ஆண்டுகளில் உள்ளே சென்றுவிட்டதால்தான் விகாஸ் நமக்குக் கிடைத்தது.

மாட்டுவண்டியில் ஏறிய ஆப்பிள்

ஏரியன் ராக்கெட்டின் சோதனைப் பறப்புகளில் செயற்கைக்கோள்களைக் கட்டணமின்றி ஏற்றிச் செல்ல ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் முன்வந்தது. சோதனைப் பறப்பு என்பதால் தோல்வியடையும் ஆபத்தும் இருந்தது. இந்தியா துணிந்து ஆப்பிள் என்ற செய்தித்தொடர்பு செயற்கைக்கோளைக் கொடுத்தது. காந்தத் தடை இல்லாத சூழலில் அதன் ஆண்டெனாவைச் சோதிக்க, மரத்தாலான மாட்டுவண்டியில் அதை ஏற்றிவைத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதைப் பார்த்து ஏழ்மையென்று சிரித்தவர்கள் உண்டு. உண்மையில் இரும்பு குறைந்த மேடை தேவைப்பட்ட இடத்தில், குறைந்த செலவில் கண்ட வழி அது.

1981 ஜூன் 19-ஆம் நாள் தென் அமெரிக்காவில் உள்ள கூரூவிலிருந்து ஆப்பிள் விண்ணில் ஏறியது. அதை இறுதிச் சுற்றுப்பாதைக்குத் தள்ளிய மோட்டார், நம் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்காம் கட்டமாகத் திருவனந்தபுரத்தில் உருவானதுதான். சூரிய மின்தகடுகளில் ஒன்று விரியாதபோதும் ஆப்பிள் இரண்டாண்டுகளுக்கு மேல் பணியாற்றியது. பின்னர் வந்த இன்சாட் செயற்கைக்கோள்கள் பலவும் ஏரியனிலேயே சென்றன. அவற்றுக்கு நாம் கட்டணம் செலுத்தினோம். 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11 செயற்கைக்கோள் 2018 டிசம்பரில் ஏரியனில்தான் ஏறியது.

திரும்பி வந்த பயணம்

பெற்றுக்கொண்டவர் திருப்பிக் கொடுக்கும் காலமும் வந்தது. 1993 செப்டம்பரில் விகாஸ் எஞ்சினை இரண்டாம் கட்டத்தில் கொண்ட பி.எஸ்.எல்.வி. முதன்முறையாகப் பறந்து தோல்வியுற்றது. 1994 அக்டோபரில் வென்றது. அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகப் பாருங்கள்.

1999 மே மாதம், ஜெர்மனியின் சிறிய செயற்கைக்கோள் ஒன்று பி.எஸ்.எல்.வி.யில் சென்றது. வெளிநாட்டார் கட்டணம் செலுத்தி நம் ராக்கெட்டில் ஏறிய முதல் பயணம் அது. கொரியாவின் செயற்கைக்கோளும் உடன் சென்றது.

2001 அக்டோபரில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் புரோபா சென்றது.

2007 ஏப்ரலில் இத்தாலியின் அஜிலே சென்றது.

2012 செப்டம்பரில் பிரான்சின் ஸ்பாட்-6 சென்றது. வைக்கிங்கின் வழிவந்த எஞ்சின் பிரெஞ்சுச் செயற்கைக்கோளையே தூக்கிச் சென்றது.

2015 ஜூலையில் பிரிட்டனின் ஐந்து செயற்கைக்கோள்கள் ஒன்றாகச் சென்றன.

2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஒன்வெப் நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை நம் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.-3 இரு பயணங்களில் ஏற்றியது. உக்ரைன் போரால் ரஷ்ய ராக்கெட்டுகள் அவர்களுக்குக் கிடைக்காமல் போன நேரம் அது.

2024 டிசம்பர் 5-ஆம் நாள் ஐரோப்பாவின் புரோபா-3 இரட்டைக் கலங்கள் பி.எஸ்.எல்.வி.யில் சென்றன. ஒன்று கதிரவனை மறைக்க, 150 மீட்டர் பின்னால் பறக்கும் மற்றது கதிரவனின் வெளிவட்டத்தைப் படமெடுக்கும் செயற்கைக் கிரகணம் அது.

இவற்றினும் இனிமையானது 2008 அக்டோபர் 22-ஆம் நாள் சென்ற சந்திரயான்-1. அதில் இருந்த பதினோரு கருவிகளில் ஆறு வெளிநாட்டுடையவை. அவற்றுள் மூன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் வழியாகவும் ஒன்று பல்கேரியாவிலிருந்தும் வந்தன. அவற்றை இந்தியா கட்டணமின்றி நிலவுக்கு ஏற்றிச் சென்றது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் ஆப்பிளுக்கு ஐரோப்பா செய்ததை இந்தியா இப்போது ஐரோப்பாவுக்குச் செய்தது. அவற்றுள் சாரா என்ற கருவியை ஸ்வீடனின் விண்வெளி இயற்பியல் கழகமும் நம் தும்பாவின் விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடமும் இணைந்து உருவாக்கின. கதிரவனிலிருந்து வரும் துகள்களில் ஒரு பகுதியை நிலவின் மண் உறிஞ்சாமல் திருப்பி எறிகிறது என்பதை அது கண்டறிந்தது. 2023-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதைப் பின்தொடர ஐரோப்பிய நிறுவனத்தின் தரைநிலையங்கள் துணை நின்றன.

இரு குழுக்கள், இரு உறவுகள்

இங்கு ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் வேறு, ஐரோப்பிய ஒன்றியம் வேறு. முன்னது 1975-இல் தொடங்கியது, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர், தலைமையகம் பாரிசில். ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும், ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டனும் அதில் உண்டு. ஒன்றியத்தோடு இந்தியாவின் உறவு தனி வழியில் சென்றது. அதன் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு 1960-களின் தொடக்கத்திலேயே தூதரக உறவு ஏற்பட்டது. முதல் உச்சி மாநாடு 2000 ஜூனில் லிஸ்பனில் நடந்தது. 2004-இல் அது வியூகக் கூட்டுறவாக உயர்ந்தது.

வணிகப் பேச்சில் வரி, இறக்குமதி, விசா என்று முட்டுக்கட்டைகள் வருவது இயல்பு. 2007-இல் தொடங்கிய தடையற்ற வணிகப் பேச்சு 2013-இல் நின்று, 2022-இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டுகளிலும் விண்வெளி ஒத்துழைப்பு நிற்கவில்லை. இரு தரப்புப் பொறியாளர்களும் ஒருவரையொருவர் பல ஆண்டுகளாக அறிந்திருந்தது இதற்கு ஒரு காரணம் என்று கருதலாம்.

மறக்கக் கூடாத இரண்டு

இந்த வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. 1994 நவம்பரில் நம்பி நாராயணன், விண்வெளி இரகசியங்களை விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு இந்த நகரில் கைது செய்யப்பட்டார். 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை அது ஆதாரமற்றது என்று அறிவித்தது. ஆயினும் 2018 செப்டம்பரில்தான், அவரைக் கைது செய்தது தேவையற்றது என்று கூறி, ஐம்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2019-இல் பத்மபூஷண் விருது வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளை எந்த விருது ஈடு செய்யும்? பிற நாட்டாரோடு பழகி அறிவைக் கொண்டுவருபவரை ஐயத்தோடு பார்க்கும் நாடு, அடுத்த தலைமுறையில் அப்படிப் போய்வர யாரைத் தேடும்?

இரண்டாவது, தும்பாவின் மீனவர்கள். உலக நாடுகள் கூடிய அந்தக் களத்தில், ஈடு கேட்டுப் பேரம் பேசும் வலிமை மிகக் குறைவாக இருந்தவர்கள் அவர்களே. எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் கையெழுத்து இல்லை. இன்றும் நாட்டுக்காக ஒரு கடற்கரையை எடுக்கும்போது, அங்கு வாழ்பவர்க்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பதே தும்பா சொல்லும் பாடம்.

நம் பிள்ளைகளுக்கு

பிழைப்புக்காக வேற்றூரில் குடியிருக்கும் நமக்கு இக்கதையில் தனிப் பொருள் உண்டு. வெர்னோனுக்குச் சென்ற பொறியாளர்களும் நம்மைப் போல் மொழி தெரியாத ஊரில் வாழ்ந்தவர்களே. உழைப்பைக் கொடுத்து அறிவைப் பெற்றுத் திரும்பினார்கள். வெறுங்கையோடு போனவர் இரவலர் ஆவார். தன்னிடம் உள்ளதை அறிந்து அதை மேசைமேல் வைத்தவர் பங்காளி ஆவார். 1963-இல் நம்மிடம் இருந்தது இடம், 1974-இல் உழைப்பு, 1999-க்குப்பின் திறமை. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழிவிட்டது.

விடுமுறையில் ஊரிலிருந்து உறவினர் வந்தால் பத்மநாபசுவாமி கோயிலையும் கோவளத்தையும் காட்டுகிறோம். தும்பாவின் பழைய ஆலயத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கும், பார்வையாளர் நேரத்தை விசாரித்துக்கொண்டு, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ராக்கெட்டின் உயரத்தையும் எடையையும் அவர்களே படித்துக்கொள்வார்கள். அது நிற்கும் இடம் முன்பு யாருடையதாக இருந்தது என்பதை மட்டும் நாம் சொல்லிக் கொடுப்போம்.